மூன்றாவது சீழ்க்கை

ஔலு நகரத்தில் டிசம்பரில்
பகல் மூன்றரை மணி நேரம்.
மிச்சத்தை என்ன செய்வதென்று
யாரும் சொல்லித்தந்ததில்லை.
நாங்கள் கார்ட் ஓட்டினோம்.

இங்கெரியின் வீடு, நான்காம் மாடி.
சோபாவில் மூவர், தரையில் நான்.
புதிய பதிப்பு இறங்கி முடிய நாற்பது நிமிடம்;
அதற்குள் இஞ்சி பிஸ்கட் டப்பா
அடித்தூள் வரை வந்துவிட்டது.

முதலில் துக்கம்.
பம்போவின் எடையைக் குறைத்துவிட்டார்கள்.
பம்போ ஒரு வால்ரஸ்.
ஒற்றைத் தந்தம், அதில் உலரப்போட்ட துண்டு.
இரண்டு பதிப்புகளாக அவன் வந்து இடித்தால்
அணிலும் நரியும் வேலிக்கு அந்தப்பக்கம்.
இன்று அணில் உரசினாலே தள்ளாடுகிறான்.
ஹாரனும் போச்சு.
பழையது மூக்கடைத்த கப்பல் மாதிரி அலறும்,
கீழ்வீட்டுக்காரர் வெந்நீர்க் குழாயை
மூன்று முறை தட்டுவார், டங், டங், டங்.
இப்போது வெறும் 'பீப்'.

"பட்டினி போட்டுக் கொண்டுவந்து நிறுத்தின மாதிரி இருக்கு"
என்றான் வெய்க்கோ.
அஞ்சல் கிடங்கில் வேலை அவனுக்கு.
கதவுகளில் குனிந்தே நுழைகிறவன்,
நாற்காலியைச் சோதித்துவிட்டே உட்காருகிறவன்.
நாங்கள் யாரும் அவன் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்து, சறுக்கல்.
முன்பெல்லாம் வளைவில் பொத்தானை விடாமல் பிடித்தால்
சக்கரம் மூன்று தடவை சீழ்க்கையடிக்கும்.
மூன்றாவதில் விட்டால் பறக்கலாம்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
ஒரு நொடி, நூல் தளர்ந்த சட்டைப் பொத்தானாய்
மனசு தொங்கும். அந்த நொடிக்குத்தான் விளையாட்டே.
இனி இரண்டோடு சரி. புதியவர்களுக்கு எளிதாம்.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன், மெதுவாக.
மூன்று தலைகள் திரும்பின.
டூமோவின் கன்னத்தில் பிஸ்கட் அப்படியே நின்றது.

உண்மையைச் சொன்னால்
எட்டு வருடத்தில் எனக்கு ஒருமுறைகூட
மூன்றாவது சீழ்க்கை கேட்டதில்லை.
கேட்டவன் போலத் தலையாட்டியிருக்கிறேன்.

பனி ஏரித் தளம் வந்ததும்
இங்கெரி கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டாள்.
நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள்.
"இது பனிக்கட்டி இல்ல, சோப்பு.
பனிக்கட்டி முதல்ல டயர் சத்தத்தை வாங்கிக்கும்.
அப்புறம்தான் வண்டியை."
செவ்வாய்க்கிழமை பாலத்தில் அப்படித்தான் ஆனதாம்.
உள்ளே பதினொரு பேர், ஒரு செல்லோ.
பின்பாதி தனியாக வேறொரு ஊருக்குக் கிளம்பியது.
"என்ன செஞ்ச?"
"அது போற பக்கமே திருப்பினேன்.
அழுத்துறதுக்குப் பொத்தான் ஒண்ணும் இல்லையே."
ஒருவர்கூடப் போனிலிருந்து நிமிரவில்லையாம்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிறோம்.
சறுக்கிய அந்த நேரம் ஆனைக்கு என்ன தோன்றியது என்று
கேட்டவர் உண்டா?

கடைசி ஆட்டம். வெய்க்கோ மறுபடியும் பம்போ.
"மெலிஞ்சா என்ன, நம்மாளு."
எட்டாவது இடத்தில் வந்துகொண்டிருந்தான்.
பந்திக்கு முந்தச் சொல்வார்கள்;
இந்த விளையாட்டில் பிந்தினவனுக்கே விருந்து.
பெட்டி திறந்தது: தேன்கூடு.
முதலில் போகிறவனைத் தேடிப்போய்க் கொட்டும் தேன்கூடு.
முதலில் போனது, வாழ்க்கையில் முதல்முறையாக,
நான்.

கால் திரையில் அவன் கையில் அது ஆடுவது தெரிந்தது.
ஒரு வளைவு. இன்னொன்று. எறியவில்லை.
"எறிடா!" என்று கத்தியது நான்தான்.
சும்மா கொடுத்த கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது?

எறிந்தான்.
கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நான் உருண்டேன்,
அணில் ஜெயித்தது, டூமோ சோபாவில் ஏறிக் குதித்தான்,
வெய்க்கோ எழுந்து நின்றான், முழு உயரமும்,
விளக்கில் தலை இடிக்க, கைகளை வாயில் குவித்து
அந்தப் பழைய ஹாரனை
தன் தொண்டையிலிருந்தே எடுத்தான்.

மூக்கடைத்த கப்பல். ஜன்னல் அதிர்ந்தது.

கீழிருந்து குழாய்:
டங்.
டங்.

நால்வரும் அசையாமல் நின்றோம்.