எல்லை காண்க

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச்
சோற்றுக்கு முன்னால் சொல்லக்கூடாது.
'நேவி' என்றால்
குழம்புக் கரண்டியோடு அம்மாவின் கை
அப்படியே நின்றுவிடும்.
தங்கச்சிமடத்தில் அதற்கு
ஒரே அர்த்தம், ஒரே இரவு.
"இது நம்ம நேவிம்மா" என்றேன்.
"தண்ணிக்குள்ள லைட் அடிச்சா
யாரோடதுன்னு அதுல எழுதியா இருக்கு?"
கேட்டுவிட்டு
கருவாட்டைத் திருப்பிப் போடப் போனாள்.

விடிய நாலே முக்காலுக்கு ஓடுகிறேன்.
குருசடியிலிருந்து ஐஸ் கம்பெனி வரை
போய்த் திரும்பினால் ரெண்டரைக் கிலோமீட்டர்.
டெனிஸ் அப்பாவின் போனோடு
சைக்கிளில் வருவான் நேரம் பார்க்க.
ஐந்து ரூபாய் கொடுத்தால்
பத்து நொடி குறைத்துச் சொல்வான்.
காய்ந்த மணல் காலை விழுங்கும்,
ஈர மணல் வழுக்கும்,
நடுவே ஒரு முழத்துக்கு
அலை இறுக்கிவிட்டுப் போன தரை இருக்கிறது.
அதைக் கண்டுபிடிக்க எனக்கு
ஒரு கச்சான் காலம் முழுக்க ஆனது.
உச்சிப்புளிப் பக்கமிருந்து ஹெலிகாப்டர் வந்தால்
அண்ணாந்து பார்த்தே கெட்டுப்போவேன்.

ஓட்டத்தைவிடக் கணக்குதான் கஷ்டம்.
ஒரு விடை தப்பினால்
சரியானதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு போகும்.
அப்பா சிரித்தார்:
"அவ்வளவுதானா?
எங்களுக்குப் படகே போகும்."

பதினொன்றாம் வகுப்பு, இரண்டாம் தொகுதி.
'எல்லை காண்க' என்று வரிசையாகக் கணக்குகள்.
எக்ஸ் மூன்றை நெருங்குகிறது.
நெருங்கிக்கொண்டே இருக்கலாம்,
மூன்றாகவே ஆகவேண்டியதில்லை
என்று புஷ்பவல்லி டீச்சர் அம்புக்குறி போட்டபோது
பின் பெஞ்சில் நாங்கள் நாலு பேர்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
இடமிருந்தும் நெருங்க வேண்டும், வலமிருந்தும்.
இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு வந்தால்தான்
எல்லை உண்டு.
வராவிட்டால்
'எல்லை இல்லை' என்று எழுதினால்
முழு மதிப்பெண்.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.
நாற்பத்தொரு நாள் யாழ்ப்பாணத்துச் சிறையிலிருந்து
ஆள் மட்டும் வந்தார்.
'பனிமய மாதா' வரவில்லை.
யாரோ போனில் காட்டிய படத்தில்
சரிந்து கிடந்தது,
பெயரில் 'னி' மட்டும் தெரிந்தது.
இப்போது வேறொருவர் படகில்
பங்குக்குப் போகிறார்.

கண் பரிசோதனைக்குப் புள்ளிப் படங்கள்.
தொழிலுக்குப் போகாத வெள்ளி இரவில்
அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார்.
எழுபத்து நாலு. ஆறு. நாற்பத்தைந்து.
ஒன்றுகூடத் தப்பவில்லை.
அடுத்த பக்கம் கப்பல் விளக்குகள்:
இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை.
"இரண்டும் சேர்ந்து தெரிந்தால்..."
நாலு விடைகளையும் வாசிக்க விடவில்லை அவர்.
"நம்மளப் பாத்து வருது."
சற்றுக் கழித்து,
"வலைய அறுத்துட்டு ஓடணும்.
அதுக்கு எத்தன மார்க்கு?"

அன்றைக்குத் தூக்கத்தில்
உயரமான தளத்தில் நிற்கிறேன், வெள்ளை உடுப்பில்.
கீழே ஒரு சின்னப் படகு.
பெயரை வாசிக்க வெளிச்சம் வேண்டும்.
வெளிச்சம் அடித்தால் அவர்கள் பயப்படுவார்கள்.
சுவிட்சில் விரலை வைத்தபடியே
விழித்துவிட்டேன்.

விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் கேட்டிருந்தது.
"கூலின்னு போடு, படகுதான் இல்லையே" என்றார்.
மீன்பிடித் தொழில் என்றே போட்டேன்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, மதுரையில்.
சனிக்கிழமையே பஸ் ஏறினேன்.
அப்பா காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு
கடலுக்குப் போயிருந்தார்.
ஜன்னல் வழியாகத் தூக்குச்சட்டியைத் திணித்த அம்மா
கூட்டத்துக்கு நடுவே சத்தமாகச் சொன்னாள்:
"ஏ நேவிக்காரி,
காச உள்பையில வையி."

பாம்பன் பாலத்தில் இருட்டிவிட்டது.
தெற்கே ஒரே ஒரு பச்சை விளக்கு.
சிவப்பைத் தேடினேன், இல்லை.
நல்லது.
அது அதன் போக்கில் குறுக்கே போகிறது.