நன்மைகள்: எட்டு நிமிடப் படம்

எட்டு நிமிடம் வேண்டும் என்றார்கள்.
குளிர்ந்த நீரில் நீந்துவதன் நன்மைகள்.
நடுவில் ஒரு மருத்துவர், முடிவில் ஒரு சூரியோதயம்.
முன்பணம் வாங்கியிருந்தேன்.

மருத்துவரைச் சேலத்திலேயே முடித்தோம்,
நாலு ரோட்டில், கிளினிக் மாடியில்.
ரத்த ஓட்டம், தூக்கம், மனச்சோர்வு என்று
விரல் மடக்கிக்கொண்டே போனார்.
மைக்கைக் கழற்றும்போது கேட்டேன்,
நீங்க இறங்கியிருக்கீங்களா டாக்டர்?
எனக்கு சைனஸ் என்றார்.

கொண்டை ஊசி பதினாறில்
ஒலிப்பதிவு பூபதி வாந்தி எடுத்தான்.
நாகலூர் தாண்டி, காப்பித் தோட்டத்துக்குள் ஒரு குட்டை.
மூன்று பக்கம் சில்வர் ஓக்,
நாலாவது பக்கம் இருந்ததா என்று
பனி சொல்லவில்லை.

மார்கழி. மணி ஐந்தே முக்கால்.
பெர்னதத் வந்தார்.
எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர்,
வயது ஐம்பத்து மூன்று,
மகனின் பழைய ஃபுட்பால் ஜெர்சி, எண் பதினாலு.
நூலில் கட்டிய தெர்மாமீட்டரைக்
கிணற்றில் வாளி விடுவதுபோல் விட்டார்.
பதின்மூணு, என்றார்
எங்களிடம் அல்ல.

பாயவில்லை, கத்தவில்லை.
ஒன்பது மணிக்கு ஆபீஸுக்குள் நுழைவதுபோல் இறங்கினார்.
கழுத்தளவு போனதும் ஒரே ஒரு ஹ்ஹா.
அதைப் பூபதி பிடிக்கவில்லை,
கணுக்கால் அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

இன்னொரு தடவை மேடம், ஃபோகஸ் போயிடுச்சு.
ஏறினார், துடைத்தார், இறங்கினார்.
இன்னொரு தடவை. லென்ஸில் பனி.
மூன்றாவதில் உதடு நாவல்பழம்.
நன்மை வருதா தம்பி, படத்துல?

வெட்கமாகிவிட்டது. நானே இறங்கினேன்
இடுப்பளவு, கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி.
முதலில் கால்கள் போயின.
பிறகு வார்த்தைகள் வந்தன,
எனக்குத் தெரியுமென்றே தெரியாத கெட்ட வார்த்தைகள்.
பிறகு கொஞ்ச நேரம்
இந்த லென்ஸுக்கு இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பது
ஞாபகத்துக்கு வரவேயில்லை.

கரையில் கட்டங்காப்பி. அவருடைய நோட்டு.
தேதி, டிகிரி, நிமிடம், குறிப்பு.
குறிப்பில் ஒன்பது வருடமாக ஒரே சொல்:
சரி. சரி. சரி.
ஓரிடத்தில் மட்டும்
டிகிரி பதினாலு, நிமிடத்துக்கு ஒரு கோடு,
குறிப்பு காலி.
அன்னிக்கு?
பக்கத்தைத் திருப்பினார்.
காப்பி ஆறுது, குடிங்க.

சூரியோதயம் அன்று இல்லை.

இப்போது சித்திரை.
அம்மாப்பேட்டை, தறிச் சத்தத்துக்கு நடுவே எடிட்டிங்.
ஃபேன் கொதிக்கிற காற்றைக் கிண்டுகிறது.
மருத்துவர் துல்லியமாக இருக்கிறார்.
நான் தண்ணீரிலிருந்து எடுத்த பதினோரு நொடியில்
மரங்கள் நடுங்குகின்றன, ஜெர்சியின் எண் நடுங்குகிறது,
சேர்வராயன் மலையே பல்லைக் கடிக்கிறது.
ஆட்டத்தை எடுத்துடலாம்ணா, ஒரு பட்டன்தான்
என்கிறான் மௌலி.
மேசைக்கடியில் என் கால்விரல்கள் மடங்கியிருக்கின்றன.
விட்டுடு என்கிறேன்.
நாலு நொடியா குறைக்கட்டுமா?
விட்டுடுன்னேன்.

அப்போதுதான் ஃபோன்.
தம்பி, என் சிவப்புத் துண்டு
உங்க வண்டியில வந்துடுச்சா?
டிரைபாடைச் சுற்றியிருக்கிறது. நாலு மாதமாக.
வந்துடுச்சுங்க.
மேல வர்றப்ப எடுத்துட்டு வாங்க.
இப்ப தண்ணி இருபது,
சும்மா வெந்நீர் மாதிரி.