பவுனு, 312 கிலோ

பவுனு என்று பெயர் வைத்தவன்
பேண்டு செட்டு அருளாந்து.
பதினெட்டு வருடம் மாப்பிள்ளைகளைச் சுமந்தாள்.
மேலமாசி வீதிச் சரவெடிக்கு நடுவே
ஒருமுறைகூட மிரண்டதில்லை.
இப்போது வயிறு மிரள்கிறது,
காற்று மாறினால்கூட.

கடைவாய்ப் பல் தேய்ந்துவிட்டது.
புல்லை மென்று மென்று உருண்டையாகக் கீழே போடுகிறாள்,
வெற்றிலை துப்புகிற அலட்சியத்தோடு.

டாக்டர் பெனிட்டா சொன்னார்:
கொள்ளை மறந்துவிடுங்கள்.
தவிடு ஊற வேண்டும், கஞ்சிப் பதம்.
ஒரே வேளையாக வைக்காமல் ஐந்தாக.
வெயிலுக்கு முன் அவிழ்த்துவிடலாம்.
மழைக்குப் பின் முளைத்த புல் என்றால்
அரைமணி, அதற்குமேல் ஆசைப்படாதீர்கள்.
(ஆசைப்படுவது நானா அவளா என்று கேட்கவில்லை.)

பகலில் பரவை எடைமேடையில்
டன் கணக்கில் வெங்காயம் எழுதுகிறேன்.
விடிகாலையில் கிராம் கணக்கில் உப்பு.

தேனூர்த் தெருவுக்குத்தான் புரியவில்லை.
மிச்ச இட்லி, கனிந்துபோன வாழைப்பழம், அமாவாசைச் சோறு,
ஊர்ப் புண்ணியமெல்லாம்
இவள் குடலில் வந்து சேர்கிறது.
'குதிரைக்கு எதுவும் கொடுக்காதீர்கள்'
எழுதிக் கதவில் மாட்டினேன்.
மறுநாள் அதற்கு நேர் கீழே
ஒரு டம்ளர் பாயசம்.

ஆற்றில் மேய்ந்தால் மணலும் உள்ளே போகும்.
லத்தியை வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டேன்.
அடியில் ஒரு விரற்கடை வைகை.
அன்றோடு ஆறு நின்றது.
இப்போது தென்னந்தோப்பு, வாய்க்கூடு, செல்போன் அலாரம்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
முன்காலால் தரையைக் கீறினாள்.
விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்,
அங்கிருந்து யாரோ கூப்பிடுவதுபோல.
வயிற்றில் காதை வைத்தேன்.
கடமுட என்று உருள வேண்டிய இடத்தில்
பூட்டிய கல்யாண மண்டபத்தின் அமைதி.

ஊசி போட்டு, நடத்தச் சொன்னார் டாக்டர்.
ரயில்வே கேட்வரை நடந்தோம்.
திரும்பினோம். மறுபடி ரயில்வே கேட்.
மூன்று ஐம்பதுக்கு வாலைத் தூக்கினாள்.
நாலு உருண்டை, ஆவி பறக்க.
'போட்டுட்டா' என்று டாக்டருக்கு அனுப்பினேன்.
அந்த நொடியே பதில் வந்தது.
அவரும் தூங்கியிருக்கவில்லை.

கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம் குதிரை,
கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம்.
இவளிடம் அது தலைகீழ்.
ஆணியில் தொங்கும் கடிவாளத்தைத் தொட்டாலே
வாயைத் திறந்து நிற்கிறாள்,
எங்கோ கல்யாணம் என்ற நினைப்பில்.

ஏமாற்ற மனமில்லை.
மார்க்கெட் ஓய்ந்த ஞாயிறு இரவுகளில்
கடிவாளம் போட்டு எடைமேடைக்கு அழைத்துப் போகிறேன்.
இரும்புத் தட்டில்
மாப்பிள்ளை ஏறும்வரை நிற்பதுபோல் அசையாமல் நிற்கிறாள்.
போன மாதம் 309.
இன்று 312.

சீட்டு அடிக்கிறேன்.
வண்டி எண்: பவுனு.
லோடா, காலியா என்று கேட்கும் கட்டத்தில்
வழக்கம்போலப் பேனா நிற்கிறது.
அவள் என் சட்டைப் பையை முகர்கிறாள்.