நியின்லுங்குக்குப் பதினோரு நாள்

யாரும் போகாத இடமாக ஒன்று வேண்டும் என்று
டென்மார்க்கிலிருந்து எழுதியிருக்கிறார்கள்
ஹென்னிங்கும் கிர்ஸ்டெயும்.
ஆகட்டும் என்று பதில் போட்டுவிட்டேன்.
முன்பணமும் வந்துவிட்டது.

சிமிகோட்டில் மின்சாரம் போன இரவு.
தலைவிளக்கின் வட்டத்துக்குள்
வரைபடத்தை விரிக்கிறேன்.
நியின்லுங் என்றால் வெயிலின் பள்ளம்.
செயற்கைக்கோள் எடுத்த படத்திலோ
அது ஒரு கறுப்பு மடிப்பு,
துவைக்கும்போது திருப்ப மறந்த சட்டைப்பை.

யாங்ட்சோம் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.
“யாரும் போகாத இடமா?” என்றாள், திரும்பாமல்.
“நான் அங்கேதான் பிறந்தேன்.
மருத்துவச்சி கூட வராமலா பிறந்தேன்?”

மூன்றாம் நாள்: ஆற்றோரம் கூடாரம்
என்று எழுதினேன்.
மாவுக்கையோடு வந்து அந்த இடத்தில் விரலை வைத்தாள்.
பிற்பகலானால் அங்கே காற்று
கூடாரத்தைக் கிளப்பும்,
கோவேறுகழுதைகளின் கோபத்தையும் கிளப்பும்.
கொஞ்சம் மேலே ஏறு.
தனியாக ஒரு ஜூனிப்பர் மரம் நிற்கும்.
அதன் பின்னால் படு.

வரைபடத்தில் இப்போது ஒரு மாவுப்பொட்டு.
கோடுகள் நெருங்கும் இடத்தில் இன்னொன்று:
பாலம். மூன்று மரத்துண்டு, ஒரு கம்பி.
கழுதைகள் அதில் கால் வைக்காது.
ஆறு தூங்கும்போது அவற்றைத் தண்ணீரில் இறக்க வேண்டும்.

ஆறு எப்போது தூங்கும்?

“விடியுமுன். மேலே பனி உருகத் தொடங்குமுன்.
உனக்கு எங்கே தெரியும்,
நீ பஜாரில் வளர்ந்தவன்.”

ஜௌகலா ரோகாயா நான்கு கழுதை தருகிறான்,
ஐந்துக்குக் கூலி கேட்கிறான்.
மண்ணெண்ணெய் விலையை
டென்மார்க்குக்கு எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.
அரிசி, பருப்பு, ஒரு பிடி ஜிம்பு,
உமி நிரப்பிய தகரத்தில் அறுபது முட்டை.
அனுமதி அலுவலகத்தில் குமாஸ்தா கேட்டார்,
அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
நான் வாய் திறக்குமுன் முத்திரை குத்திவிட்டார்.

ஏழாம் நாள்: கணவாய்.
ஐயாயிரத்து நூற்றுச் சொச்சம் மீட்டர்.

அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பத்தொன்பது வயதில், காய்ச்சலோடு,
யாக் எருதின் முதுகில் கட்டி
அந்த வழியாகத்தான் அவளைக் கொண்டுவந்தார்கள்.
வானத்தை மட்டும் பார்த்தேன்,
அதுவும் ஆடிக்கொண்டிருந்தது
என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.
பிறகு குழந்தை, பிறகு கடை,
பிறகு இன்னொரு குழந்தை.
பதினாறு வருடம்.

அக்கா புட்டிக்கு என்று ஒரு மூட்டை கட்டிவைத்திருக்கிறாள்.
தூக்கிப் பார்த்தேன், ஆறு கிலோ இருக்கும்.
உள்ளே என்ன என்று கேட்டதற்கு
ஒரு டப்பா பேட்டரி, மச்சானுக்குக் கண்ணாடி,
மீதி உனக்கு எதற்கு என்றாள்.
முட்டையில் இருபதைக் குறைத்தேன்.

தாளின் அடியில் இரண்டு காலியிடம்.
வழிகாட்டி: என் பெயர்.
சமையல்:
பக்கத்து வீட்டுத் தன்ஜித் வருகிறேன் என்றிருக்கிறான்.
உப்பு அள்ளிப் போடுவான், ஆனால் விசுவாசமானவன்.

“தன்ஜித் வேண்டாம்.”
“வேறு யார் இருக்கிறார்கள்?”

ரொட்டி கருகும் வாசம் வந்தது.
அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை.
என் கையிலிருந்த பேனாவை வாங்கி,
கடைக்கணக்கு எழுதும் அதே சாய்ந்த எழுத்தில்
தன் பெயரை எழுதினாள்.
நேர்க்கோட்டில் கூலியையும் எழுதினாள்.
தன்ஜித்துக்குப் பேசியதைவிட
இருநூறு ரூபாய் அதிகம்.

காலையில் மின்சாரம் வந்ததும்
டென்மார்க்குக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும்:
மூன்றாம் நாள் கூடாரம் ஆற்றோரத்தில் இல்லை,
சற்று மேலே,
ஜூனிப்பர் மரத்துக்குப் பின்னால்.

மரம் இருந்தால்.