இரண்டு பட்டியல்கள்

அறுபத்து நான்குக்கு அறுபத்து நான்கு கட்டம்.
ஒவ்வொன்றும் எட்டுப் புள்ளி அகலம்.
இரவு ஷிப்டு இல்லாத நாட்களில்
பிறையில், நாலாவது மாடி பிளாட்டில்,
சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையைத் துடைத்து
உலாவியைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தேன்.
எதுக்கு இது என்றார் லோகேஸ்வரன்.
எதுக்கும் இல்லை.
காசு வருமா?
கரண்ட் பில் வரும்.

விதி சின்னது.
கட்டத்தைச் சுற்றி எட்டு அண்டை வீடு.
இரண்டோ மூன்றோ பேர் இருந்தால் பிழைக்கும்,
குறைந்தால் தனிமையில் போகும்,
கூடினால் நெரிசலில்.
காலிக் கட்டத்தைச் சரியாக மூன்று பேர் சூழ்ந்தால்
அங்கே ஒன்று பிறக்கும்.
பிள்ளை பெற மூன்று பேரா என்று சிரித்தாள் ரொஸ்னா,
சோதனை மேடையில் எனக்கு இடப்பக்கத்து ஸ்டூல்.
நாம் ஷிப்டுக்கு வந்துவிட்டால்
பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் என்றேன்.

ஐந்து கட்டத்தால் ஆன ஒரு பூச்சி உண்டு.
நாலு அடிக்கு ஒருமுறை
மூலைவாக்கில் ஒரு கட்டம் நகர வேண்டும்.
என்னுடையது முதல் அடியிலேயே கால் முறிந்து
சிந்திய மையாகப் பரவியது.
மூன்று இரவு.
கூட்டல் குறியைப் பார்த்தேன், கழித்தலைப் பார்த்தேன்,
ஓரத்துக் கட்டங்களைச் சந்தேகப்பட்டேன்,
கடைசியில் பூச்சியையே சந்தேகப்பட்டேன்.

விடை பாலத்தில் கிடைத்தது,
கம்பெனி பஸ்ஸில், கடலுக்கு மேல்,
யாரோ பொட்டலத்தைப் பிரித்த
நாசி லெமாக் வாசத்துக்கு நடுவில்.
மேல் இடது மூலையில் தொடங்கி
படிக்கப் படிக்க அங்கேயே திருத்திக்கொண்டு போயிருக்கிறேன்.
மாறிவிட்ட பக்கத்து வீட்டைப் பார்த்து
அடுத்த வீடு மாறியிருக்கிறது.
இரண்டு பட்டியல் வேண்டும்.
இன்றைப் படி, நாளையில் எழுது.
கடைசிக் கட்டம் வரை எண்ணி முடிக்கும் முன்
ஒருவருக்கும் நாளை தெரியக் கூடாது.
பிறகு இரண்டையும் மாற்றி வை.
அன்றிரவு பூச்சி நடந்தது.
வலது ஓரத்தில் மறைந்து
இடது ஓரத்தில், அதே வரிசையில், வெளியே வந்தது.
காலையில் பாலம் ஏறிப் போய்
மறுநாள் காலை அதே பாலத்தில் இறங்குகிற எனக்கு
அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை,
இருந்தும் விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பாயான் லெப்பாஸில்
இரண்டாம் கூடத்தில் பெயர் வாசித்தார்கள்.
முன்வரிசையிலிருந்து, ஒவ்வொருவராக,
பெயருக்கும் பெயருக்கும் இடையில் பத்து நிமிடம் விட்டு.
மெய் லிங் போனாள், உறையோடு வந்து பையை எடுத்தாள்.
அவள் ஸ்டூலைப் பார்த்து
குணவதி கையுறையைக் கழற்றிவிட்டாள்,
அவள் பெயர் இன்னும் வரவில்லை.
குணவதியைப் பார்த்து இன்னொருத்தி அழுதாள்.
ரொஸ்னா எழுந்தபோது
தேநீர்க் குவளையை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனாள்.
என்னை அழைக்கவில்லை.
மணி நான்குக்குப் பட்டியல் முடிந்தது என்றார்கள்.
நான் சுற்றிலும் எண்ணினேன்.
பின்னால் ஒருத்தி, வலப்பக்கம் ஒருத்தி.
இரண்டு.

வீட்டுக்கு வந்து
விதியில் ஏதாவது எண்ணை மாற்றலாமா என்று யோசித்தேன்.
மாற்றினேன். ஒன்று இருந்தாலும் பிழைக்கும் என்று போட்டேன்.
திரை முழுக்கப் பாசி மாதிரி அப்பிக்கொண்டு
எதுவும் நடமாட இடமில்லை.
பழையபடி ஆக்கினேன்.

வெள்ளி இரவு ரொஸ்னாவுக்கு இணைப்பை அனுப்பினேன்.
கைப்பேசியில் விரலால் பூனை வரைந்தாள்,
காது, மீசை எல்லாம் வைத்து.
ஓடவிட்டதும் மீசை முதலில் போனது.
பிறகு முகம் வெடித்து, சிதறி, சேர்ந்து,
கொஞ்ச நேரம் பூனையல்லாத எது எதுவோ ஆகி
அடங்கியது.
படம் எடுத்து அனுப்பினாள்:
கீழ் மூலையில் நான்கு கட்டம், ஒரு சதுரம்,
அசையவே இல்லை.
செத்துப்போச்சா?

இல்லை, என்று எழுதினேன்.
நொடிக்குப் பத்துத் தடவை
அதைப் புதிதாகக் கணக்குப் பார்க்கிறோம்.
பத்துத் தடவையும் இருக்கலாம் என்றுதான் வருகிறது.

ரொம்ப நேரம் பதில் இல்லை.
பிறகு,
திங்கட்கிழமை கூலிமில் இண்டர்வியூ,
உன் கறுப்புச் சப்பாத்து என்ன அளவு?