கப்பல் ஈன்ற இரவு

சடையங்குப்பத்தில் மார்கழிக்கு இரண்டு நிறம்.
ஆற்றுப் பக்கம் வெள்ளை,
ஆலைப் பக்கம் ஆரஞ்சு.
புகைபோக்கி உச்சியில் விடிய விடிய எரிகிற தீயால்
எங்கள் கொட்டகைக்குக் கரண்ட் செலவு குறைவு,
தூக்கமும்தான்.

நாலு எருமை, ஆறு ஆடு,
எண்ண நிற்காத கோழிகள்.
பெரிய எருமைக்குப் பெயர் கப்பல்:
எண்ணூரில் நங்கூரம் போட்டவை போல
இதுவும் நகர்வதற்கு யோசிக்கும்.
ரேஷன் கடையில் பொங்கல் டோக்கன் கொடுத்த அன்று
பிறந்த குட்டிக்கு டோக்கன்.
முந்தாநாள் அது
இந்த வருஷத்து டோக்கனைத் தின்றுவிட்டது.

குளிர் வந்தால் வேலை இரட்டிக்கும்.
கோணியைப் பிரித்து முதுகில் கட்ட வேண்டும்.
தவிட்டைச் சுடுதண்ணீரில் பிசைய வேண்டும்.
வெள்ளம் நனைத்த வைக்கோலைக்
கட்டுக் கட்டாகப் பிரித்துப்
பூஞ்சை முகர வேண்டும்.
கறவைக்கு உட்காருமுன்
கைகளை என் கழுத்தில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன்.
சில்லிட்ட விரலுக்கு எருமை பால் இறக்காது.

அன்று அவருக்குக் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட்.
ஒரு மணிக்குக் கப்பலுக்குப் பனிக்குடம் உடைந்தது.
வெளியே கொட்டிய பனி போதாதென்று.
இரண்டு மணிக்கு ஒரு குளம்பு தெரிந்தது.
ஒன்றுதான்.
இரண்டு தெரிய வேண்டும், நடுவில் மூக்கு.
டாக்டர் நம்பரில் ஒரு பெண்
இரண்டு பாஷையில் மன்னிப்புக் கேட்டாள்.
'கேட்டுல ஒரே ஜாம், வெளிய வர முடியாது அம்சா'
என்றார் இவர்.

துறைமுகத்துக்குப் போகும் லாரிகள்
நேற்று மத்தியானத்திலிருந்து ரோட்டில் நிற்கின்றன.
ஜீவிதாவை அனுப்பினேன்.
ஏழாவது படிக்கிறாள், கதவு தட்டக் கூச்சமில்லை.
பத்துப் பேர் திட்டினார்கள்.
பதினோராவது கதவிலிருந்து
காக்கிச் சட்டையும் ரப்பர் செருப்புமாய் ஒருவர் இறங்கினார்.
'ஏனுங்க்கா, கடலெண்ணெய் இருக்குதுங்களா?'

முழங்கை வரை தடவிக்கொண்டு,
கண்ணை மூடி,
பையில் சில்லறை தேடுகிறவர் போல
உள்ளே தேடினார்.
'காலை மடிச்சு வெச்சிருக்குதுங்.'
கன்றை ஒரு முறை உள்ளே தள்ளினார்.
கப்பல் பல்லைக் கடித்தது,
நானும்.
பிறகு கயிறு, பிறகு இழு என்றார்,
பிறகு நிறுத்து என்றார்,
அது முக்கும்போது மட்டும் இழு என்றார்.

நாலரைக்கு வழுக்கி விழுந்தது,
பாதி வைக்கோலில், பாதி அவர் செருப்பில்.
மூக்கில் ஊதினார். தும்மியது.
வாலைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
கடா.

பால் விற்கிற வீட்டில் கடா பிறந்தால்
யாரும் சர்க்கரை கேட்பதில்லை.
ஜீவிதா மட்டும் 'பேரு நான்தான் வெப்பேன்' என்றாள்.
விற்கப்போவதற்குப் பேர் எதற்கடி
என்று வாய் வரைக்கும் வந்தது.

அதற்குள் வரிசை நகர்ந்து பின்னாலிருந்து ஹாரன்கள்.
தோள் துண்டைக் கன்றின் மேல் போட்டுவிட்டு
கையைக்கூடச் சரியாய்க் கழுவாமல் ஓடினார்.
பெயர் கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை.
அந்தப் பேச்சுக்கு எந்த ஊர் என்று
காலையில் இவர்தான் சொன்னார்.

கன்று குடித்தது போகச் சீம்பாலில்
வெல்லமும் ஏலமும் போட்டு அவித்தேன்.
டிபன் பாக்ஸோடு வரிசை நெடுக நடந்தோம்.
எல்லா லாரியிலும் எலுமிச்சம்பழம் தொங்குகிறது.
எல்லாம் பனியில் நனைந்த தார்ப்பாய்.
ஜீவிதா முதலிலிருந்து எண்ணிப்
பதினோராவது கதவைத் தட்டினாள்.
எட்டிப் பார்த்தது நெல்லூர்க்காரர்.
மூடியைத் திறந்ததும் 'ஜுன்னு!' என்றார்,
ஏதோ அவர் வீட்டிலிருந்தே வந்ததுபோல.
வேண்டாம், வேறு ஆளுக்கு என்று சொல்ல
எனக்குத் தெலுங்கு வரவில்லை.
கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

துண்டு கொடியில் காய்கிறது, ஆரஞ்சுப் பக்கமாய்.
தை பிறந்ததும் கடா வாங்குகிறவர் வருவார்,
காதைப் பிடித்துப் பார்த்து விலை சொல்வார்.
ஜீவிதா தொழுவத்தில் கூப்பிடுகிறாள்:
'பதினொண்ணு, டேய் பதினொண்ணு!'
காலை உதறிக்கொண்டு எழுகிறது,
நாலில் ஒன்று மட்டும்
இன்னும் கொஞ்சம் மடிந்தபடி.