ஆதாரம் என்ற கட்டம்

நேற்றிரவு இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு
என் பூட்டன் எபன் கோர்க்கத்துக்கு
இரண்டாவது மனைவி வந்து சேர்ந்தாள்.
பெயர் ஹுல்டா. ஊர் தெரியாது.
பிறந்த வருடத்துக்கு முன்னால் ஒரு 'சுமார்'.
சேர்த்தவர் ஒரேகானில் யாரோ வென்டெல் ஹெப்.
ஆதாரம் என்ற கட்டத்தில்
காற்று.

லூனன்பெர்க் மீன் ஆலையில்
முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவள் நான்.
சீட்டு இல்லாமல் ஒரு மூட்டை உப்பு
என் பேரேட்டுக்குள் நுழைந்ததில்லை.
முதலாளியின் மைத்துனரே வந்து
கயிறு வாங்கினேன் டீசல் வாங்கினேன் என்றபோதும்
நீட்டிய கையை மடக்காமல்
உட்கார்ந்திருந்தேன்.

ஹுல்டாவை நீக்கினேன்.
காலையில் திரும்பி வந்திருந்தாள்,
மூன்று பிள்ளைகளோடு.
மூத்தவன் பிறக்கும்போது அவளுக்கு வயது ஒன்பது.
கடைசிப் பையன்
எபன் கடலோடு போய் இரண்டு வருடம் கழித்து.
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு.
இந்த மனிதர்
மொட்டைத் தலையிலேயே சடை பின்னுகிறார்.

எழுதினேன்:
ஐயா, எபன் ஒரே முறைதான் மணந்தார்.
லுத்தரன் தேவாலயப் பதிவேடு, பக்கம் நாற்பத்திரண்டு.
பாதிரியார் எழுத்து மீன்முள் மாதிரி குத்தும்,
ஆனாலும் படிக்கலாம்.
நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்?

மூன்று நாள் கழித்துப் பதில்:
இன்னொரு மரத்திலிருந்து.
அந்த மரத்துக்குப் போனேன். அது
வேறொரு மரத்திலிருந்து.
அதுவும்.
மூடுபனியில் ஒரு படகு ஊத
அதைக் கேட்டு இன்னொன்று ஊத
பாறையும் தன் பங்குக்கு ஊத
முதலில் ஊதியது யார்?

கீழே ஒரு வரி சேர்த்திருந்தார் ஹெப்.
"அது இருக்கட்டும் அம்மா.
எபனின் மூன்றாவது குழந்தை, 1874, மெலீட்டா.
நீங்கள் சேர்த்தது.
அதற்கு ஆதாரம்?"

பக்கம் அறுபத்தொன்று சொல்வது இவ்வளவுதான்:
கோர்க்கம். பெண். உயிரில்லை.
கட்டணம் வாங்கவில்லை.

பதினான்கு வருடம் முன்பு ஒரு மார்ச் மாதம்.
பெயர் இல்லாமல் சேமிக்க முடியாது என்று
திரை சிவப்பில் சொன்னது.
மறுபடி அழுத்தினேன்.
மறுபடி சொன்னது.
ஜன்னலுக்கு வெளியே
வண்ணம் பூசக் கரையேற்றிய படகொன்றின்
முகப்பில் ஒரு பெயர் இருந்தது.
எடுத்துப் போட்டேன்.
தேநீர் ஆறுவதற்குள் முடிந்துபோன வேலை.

இன்றைக்குத் தேடிப் பார்த்தேன்.
அறுபத்து மூன்று மரங்களில் இருக்கிறாள் மெலீட்டா.
ஒருவர் அவளுக்கு ஞானஸ்நானம் தந்திருக்கிறார்.
ஒருவர் பாஸ்டனில்
ஒரு தையற்காரனுக்குக் கட்டிவைத்திருக்கிறார்.
ஒருவர் எண்பத்திரண்டு வயதுவரை
வாழவிட்டிருக்கிறார்.
மாரடைப்பாம். தூக்கத்திலேயாம்.
அவளுக்குப் பேரப்பிள்ளைகள் ஏழு பேர்.
ஒருவனின் புகைப்படம்கூட இருக்கிறது,
காது அப்படியே எங்கள் வீட்டுக் காது.

என் கணக்கில் இருந்த ஒரே ஒரு பொய்
வட்டி போட்டு
குடும்பமாகிவிட்டிருக்கிறது.

நீக்கு என்ற பொத்தானின் மேல்
விரலை வைத்திருந்தேன்,
கெட்டில் கத்தி அடங்கும்வரை.

பிறகு ஆதாரம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
பெயர் மட்டும் படகிலிருந்து.
வெள்ளைப் படகு, நீலப் பட்டை.
பார்த்தவள், வெர்னா கோர்க்கம்.
குழந்தை உண்மை.

ஹெப்புக்கும் அதையே அனுப்பினேன்.
யாருடைய ஜன்னலுக்கு வெளியே
ஹுல்டா நின்றிருந்தாளோ தெரியாது.
அவளை நீக்கிவிட்டேன். அதில் மாற்றமில்லை.
பிள்ளைகள் மூவரையும்
நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.